மைனரின் வயிற்றுக்குள் போய்வந்தோம்!

உள்ளே விட்டுவிட்டார்கள்!

யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய காரை மினுக்கி, மாலை போட்டு, மாப்பிள்ளையை ஏற்றிக் கோவில் வாசலில் நிறுத்திவிட்டால், பிறகு அதை யாரும் பார்க்கலாம். பக்கத்தில் நின்று படமும் எடுக்கலாம். ஆனால் அதே காரின் சீற்றுகளைக் கழற்றி, டாஷ்போட்டைப் பிரித்து, அறுபது வருசத்துக்கு மேலாக உள்ளே கிடந்த வயர்களை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டிருக்கிற நேரத்தில் படலையைத் திறந்து "வாங்கோ" என்பார்களா? சொன்னார்களே! கொக்குவிலில் ஓர் ஒழுங்கைக்குள், மாமரத்துக்குக் கீழே, தகரக் கொட்டிலுக்குள் நடக்கிற கூத்து அது. உங்களையும் கூட்டிப் போகிறேன். இந்த வீட்டில் மட்டும் செருப்பைக் கழற்ற வேண்டாம், நிலமெல்லாம் ஆணியும் வயர்த்துண்டும். தலையைக் குனியுங்கள், கூரைத் தகரம் தாழ்வு.

இதுதான் ஆள். 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. நாலு கதவு, 948 சீசீ என்ஜின். பொனற்றைக் காணவில்லை, அது மாமரத்தில் சாய்ந்து கிடக்கிறது. முன் விளக்கு இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. ஸ்ரியறிங்கைச் சுற்றிப் பழைய சாரம் ஒன்று கட்டியிருக்கிறார்கள், கறுத்த கை படாமல் இருக்கவாம். அலெக் இசிகோனிஸ் வரைந்த இந்த வண்டி 1948 இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் முதன்முதல் மேடையேறியது. 1970களின் தொடக்கம் வரை சுமார் 16 இலட்சம் செய்தார்கள். பத்து இலட்சத்தைத் தொட்ட முதல் பிரித்தானியக் காரும் இதுதான். அந்தக் கூட்டத்தில் ஒன்று, மலாயாவில் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு ஊர் திரும்பிய ஒருவர் கையால் கொக்குவிலுக்கு வந்து சேர்ந்தது. இப்போதைய சொந்தக்காரர் அவருடைய மகன், கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊர் அவரை மாஸ்ரர் என்கிறது, நாங்களும் அப்படியே கூப்பிடுவோம். அவருடைய மனைவியும் படிப்பித்தவர்தான், ஆகவே ரீச்சர்.

வரும்போது தூணடியைப் பார்த்தீர்களா? பின்பக்க இலக்கத்தகடு அங்கே சாத்திக் கிடக்கிறது. சிங்கள ஸ்ரீ. 1950களின் கடைசியில் இந்த ஓர் எழுத்துக்காகத் தீவே கொதித்தது, தமிழரசுக் கட்சிக்காரர் சிங்கள ஸ்ரீயை அழித்துவிட்டுத் தமிழ் ஸ்ரீ எழுதினார்கள். மாஸ்ரரின் தகட்டை வெயிலுக்குச் சரித்துப் பிடித்தால், வெள்ளை எழுத்துக்குக் கீழே வேறொரு வளைவு தெரிகிறது. நான் அதைத் தடவிக்கொண்டு நிற்பதைக் கண்டுவிட்டு, "அது அப்பாவின்ரை காலம்" என்று மட்டும் சொன்னார்.

இனி விறாந்தைக்கு வாருங்கள். இருக்கச் சொன்னால் தயங்காமல் இருங்கள், அது காரின் பின்சீற்று. வருகிறவர்களை ரீச்சர் இதில்தான் இருத்துகிறார். பிளேன்ரீயும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் உடனே வரும். எதிரே சுவரோடு நெஸ்ரமோல்ட் ரின்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் திருகாணி, நட்டு, கிளிப், பல்ப் மூடி. பள்ளிக்கூடத்துக் குண்டு எழுத்தில் பெயரும் ஒட்டியிருக்கிறது: "இடக் கதவு, முன்", "டாஷ்போட், மேல்", "கவனம், கண்ணாடி". ஒன்றில் "எதற்கென்று தெரியாது". எல்லாவற்றிலும் பெரிய ரின் அதுதான், ஏறக்குறைய நிரம்பியும் விட்டது.

அண்ணையை இன்னும் அறிமுகப்படுத்தவில்லை. எழுபதை நெருங்குகிற மனிதர், மடித்துக் கட்டிய சாரம், காது தேய்ந்த மூக்குக்கண்ணாடியைச் சிவப்பு வயரால் முறுக்கிக் கட்டியிருக்கிறார். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து கராச்சுகளில் வயறிங் வேலைதான். எண்பதுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ், ஹில்மன் எல்லாம் அவருக்கு உள்ளாலே தெரியும். அவரிடம் எடுபிடியாக நிற்கிறவன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற பெடியன். கையில் மல்ரிமீற்றர், காதில் இயர்போன், அண்ணை "எடேய்" என்றால் மட்டும் ஒரு காதைக் கழற்றுவான்.

மாஸ்ரருக்கும் அண்ணைக்கும் இடையில் ஓயாத ஒரு சண்டை உண்டு. மாஸ்ரர் வயறிங் வரைபடத்தை நாலு மடங்கு பெருப்பித்து, கலர் பென்சிலால் தீட்டி, பிள்ளையார் படம் போட்ட கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார். ஒவ்வொரு வயருக்கும் சீஆர் கொப்பியில் ஒரு வரி: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, நிறம் என்ன, சோதித்தாயிற்றா. அண்ணை அந்தப் படத்தின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை.

"மாஸ்ரர், உந்தப் படம் இங்கிலாந்தில நிக்கிற காருக்கு. இது கொக்குவிலில நிக்கிற கார்."

"கார் எங்க நிண்டாலும் கறண்ட் ஒரே மாதிரித்தான் ஓடும், அண்ணை."

"அதைத்தானே இப்ப பாக்கப் போறம்."

பார்த்தோம். பழைய வயர்க்கட்டை உருவுகிற அந்தக் காலைப்பொழுதுக்காகவே நான் இங்கே வந்தேன், வந்தது வீண்போகவில்லை.

அந்தக் காலத்து வயர் பிளாஸ்ரிக் உறை போட்டது அல்ல, றப்பர் உறைக்கு மேலே பருத்தி நூலால் நெய்த சட்டை போட்டது. மண்ணிறம், வெள்ளை, பச்சை, நீலம் என்று நிறம் நிறமாக வந்ததாம். இப்போது எல்லாம் ஒரே நிறம், எண்ணெய்க் கறுப்பு. கை வைத்தால் றப்பர் பொடியாகக் கொட்டுகிறது. அண்ணை ஒரு நுனியைப் பிடித்து மெல்ல இழுக்க, பெடியன் காருக்கு அடியில் படுத்தபடி கிளிப் கிளிப்பாகக் கழற்ற, கறளும் எலிப்புழுக்கையும் அவன் முகத்தில் கொட்ட, வசவு ஒன்று வெளியே வருவதற்குள் ரீச்சர் இருமிக் காட்டினார். வசவு திரும்பி உள்ளே போய்விட்டது.

பிறகு தொடங்கியது வேடிக்கை. முன் விளக்குக்குப் போகிற வயரின் நடுவில் ஒரு முழத்துக்கு வீட்டு வயறிங் வயர். இரண்டு பக்க மூட்டையும் சைக்கிள் ரியூப்பைக் கீறிச் சுற்றி, நூலால் கட்டியிருக்கிறார்கள். பின் விளக்குக்குப் போவது பாதித் தூரம் ரெலிபோன் வயர். பிறேக் லைற் மூட்டில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்ரர், அதில் மருந்துப் பஞ்சு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது! பியூஸ் பெட்டியைத் திறந்தால், இந்தக் காருக்கு மொத்தமே இரண்டு பியூஸ், இரண்டிலும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள் சுற்றியிருக்கிறது. பெடியன் தலையில் கை வைத்துவிட்டான். "இதோடயே இவ்வளவு நாளும் ஓடினது? எரிஞ்சு போயிருக்குமே!"

"எரியேல்லைத்தானே" என்றார் மாஸ்ரர், சின்னப் பெருமையோடு.

அண்ணை ஒவ்வொரு மூட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார். "இது நல்ல கை. இது அவசரக்காரன். இது ஆரோ விசரன்ரை வேலை." சைக்கிள் ரியூப் சுற்றிய மூட்டுக்கு வந்ததும் மட்டும் பேச்சு நின்றது. நூலின் முடிச்சை நகத்தால் நெருடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தார். "மாஸ்ரர், இது என்ரை முடிச்சல்லோ!"

எந்த வருசம் என்று இரண்டு பேரும் வாதாடத் தொடங்கிவிட்டார்கள். தொண்ணூற்றிரண்டு என்கிறார் ஒருவர், தொண்ணூற்றுமூன்று என்கிறார் மற்றவர். தீர்த்து வைத்தவர் ரீச்சர். "உங்கட தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு முதல் நாள் இரவு. ஜாம் போத்தல் விளக்கைப் பிடிச்சுக்கொண்டு நிண்டது நான். தொண்ணூற்றுமூண்டு."

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகவேண்டும், இளையவர்களுக்காக. 1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்குள் வரும் பொருட்களுக்குத் தடை விழுந்தது. பெற்றோல் தடை, பற்றறி தடை, பட்டியல் நீண்டுகொண்டே போனது. மின்சாரமும் போய்விட்டது, ஜாம் போத்தலில் திரி போட்டுத்தான் விளக்கு. அப்போதுதான் கொட்டில்களின் மூலைகளில் கிடந்த கிழட்டுக் கார்களுக்கு யோகம் அடித்தது. புதிய யப்பான் கார்கள் பெற்றோல் இல்லாமல் படுத்துவிட, ஒஸ்ரின் ஏ 40, கேம்பிரிட்ஜ், மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. அமுக்கம் குறைந்த பழைய என்ஜின், கிடைத்ததைக் குடிக்கும். சின்னப் போத்தலில் பொன்போல வைத்திருந்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் ஒரு பீச்சுப் பீச்சி ஸ்ராட் பண்ணவேண்டும், என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெள்ளைப் புகை, கண்ணெரிவு, தெரு முழுக்க ஒரே மணம். பற்றறி செத்திருந்தால் முன்னாலே இரும்புக் கைபிடியைக் கொளுவிச் சுழற்றவேண்டும். மைனருக்கு அந்த வசதி பிறவியிலேயே உண்டு.

அதே காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுழற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் றேடியோவை இயக்கித்தான் பிபிசி தமிழோசை கேட்டார்கள். மாஸ்ரர் வீட்டில் அந்த வேலை மகனுக்கு. செய்தி முடிவதற்குள் அவனுக்குக் கால் கடுத்துவிடும், பெடல் தளரும், செய்தி வாசிப்பவரின் குரலும் தேயும். "முக்கியமான இடம் வந்தால்தான் உவன் களைப்பான்" என்று மாஸ்ரர் இன்றைக்கும் குறை சொல்கிறார். அந்த மகன் இப்போது ரொறன்ரோவில். இந்தக் கூத்துக்குப் பணம் அனுப்புகிறவரும் அவர்தான்.

கலியாண வீட்டுக்குப் போன கார், வயிற்றுவலிக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கிய சனத்துக்குள் இதுவும் நின்றது. உள்ளே மாஸ்ரரின் தாயும் இரண்டு மூட்டையும், வெளியே தள்ளுகிறவர்கள். நடந்தவர்கள் முந்திப் போய்விட்டார்களாம். 1996 இல் திரும்பி வந்தபோது கார் வந்தது, பற்றறி வரவில்லை.

இவ்வளவையும் கேட்ட பெடியன், பிளாஸ்ரர் ஒட்டிய அந்தத் துண்டைக் குப்பைக்குள் போடாமல் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டதை நான் கண்டேன். கேட்டால் "சும்மா" என்றான்.

சரி, இனி வீட்டுக்குள் வாருங்கள். நடு ஹோலில் பாய் விரித்து, அதன்மேல் புது வயர்க்கட்டைக் கிடத்தியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் செய்து, கடல் கடந்து வந்தது. அதே பருத்திச் சட்டை, அதே நிறங்கள், ஆனால் உள்ளே இன்றைய உறை. ஒரு முனை டாஷ்போட்டுக்கு, ஒரு முனை என்ஜினுக்கு, நீண்ட வால் பின் விளக்குக்கு, இடையில் நூறு கிளை. ரீச்சர் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "எட்டுப் பெண்பிள்ளையளின்ரை தலைமயிரை ஒண்டாப் பின்னினமாதிரிக் கிடக்கு" என்றார். பிறகு அவர்தான் பாயில் இருந்து, கிளை கிளையாகப் பிரித்து, நாடாத் துண்டில் பெயர் எழுதித் தைத்துவிட்டார். தைத்து! ஒட்டினால் வேர்வையில் கழன்றுவிடுமாம். ஹோலால் குறுக்கே நடக்க யாருக்கும் அனுமதி இல்லை. சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் வீட்டைச் சுற்றிப் பின்வாசலால் போகவேண்டும்.

நிறங்களின் கணக்கை மாஸ்ரர் எனக்குச் சொல்லித் தந்தார், உங்களுக்கும் சொல்கிறேன், பரீட்சை இல்லை. மண்ணிறம் என்றால் பற்றறியிலிருந்து நேரே வருவது, எந்நேரமும் உயிரோடு இருக்கும், தொடாதே. வெள்ளை, திறப்பைத் திருப்பியபின் உயிர் வருவது. பச்சை, பியூஸைத் தாண்டிப் போவது. நீலம் முன் விளக்கு, சிவப்பு சின்ன விளக்குகள், கறுப்பு உடம்போடு சேர்வது. பச்சையில் சிவப்புக்கோடு ஓடினால் இடப்பக்கச் சிக்னல், வெள்ளைக்கோடு ஓடினால் வலப்பக்கம். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பெடியனை உண்மையில் கலங்கடித்தது வேறொன்று. இந்தக் காரில் பற்றறியின் பிளஸ் பக்கம் உடம்போடு பூட்டியிருக்கிறது. இன்றைய கார்களில் மைனஸ்தான் உடம்புக்கு. "அண்ணை, தலைகீழாப் பூட்டிக் கிடக்கு!" என்று கத்தினான். அந்தக் காலத்து வெள்ளைக்காரன் அப்படித்தான் செய்தான் என்று அண்ணை விளக்க, அவன் நம்பாமல் போனில் தேடிப் பார்த்தான். அந்நேரம் பார்த்து ரொறன்ரோவிலிருந்து வீடியோ கோல். அப்பா, காருக்குள் போன் சார்ஜ் பண்ண ஒரு பொயின்ற் வையுங்கோ, ஒரு சின்ன புளூரூத் செற்றும். மாஸ்ரர் போனை அண்ணையின் முகத்துக்கு நேரே பிடித்தார். அண்ணை திரும்பாமலே சொன்னார்: "தம்பி, போன் சார்ஜ் பண்ண வேணுமெண்டால் வீட்டுக்குள்ள வாங்கோ. காருக்குள்ள பிளஸ்ஸும் மைனஸும் முட்டினால் போனும் போகும், காரும் போகும்." கோல் அதோடு சுருக்கமாக முடிந்தது.

இந்தக் கார்களின் மின்சாரப் பாகங்கள் பெரும்பாலும் பேர்மிங்காம் லூக்காஸ் கம்பனியின் செய்கை. அடிக்கடி விளக்கு அணைந்துவிடும் என்று பிரித்தானியக் கார் ஓட்டுகிறவர்கள் அந்தக் கம்பனிக்கு 'இருளின் இளவரசர்' என்று பட்டமே சூட்டி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் பகிடி யாழ்ப்பாணத்தில் எடுபடாது என்றுதான் படுகிறது. ஐந்தாறு வருசம் ஜாம் போத்தல் வெளிச்சத்தில் பாடம் படித்த ஊருக்கு, ஒரு முன் விளக்கு மங்கினால் என்ன பெரிய இருட்டு?

வேர்வைக்கு வருவோம். சோளகம் வீசுகிற காலம். காற்று உண்டு, ஆனால் அது குளிர்ச்சியைக் கொண்டுவராது, ஒழுங்கைப் புழுதியைத்தான் கொண்டுவரும். என்ஜினுக்கும் டாஷ்போட்டுக்கும் இடையிலுள்ள தகரச் சுவரில் ஓர் ஓட்டை, அதற்குள்ளால் முழு வயர்க்கட்டையும் நுழைக்கவேண்டும். பெடியன் கால் இரண்டும் கதவுக்கு வெளியே, தலை டாஷ்போட்டுக்குக் கீழே. வெளியிலிருந்து அண்ணை கட்டுக்கம்பியில் கொளுவி இழுக்கிறார். மாஸ்ரர் கொப்பியோடு நின்று "இழுங்கோ, இழுங்கோ, நிப்பாட்டுங்கோ" என்று கட்டளை இடுகிறார். இறுகிவிட்டது. முன்னும் போகாது, பின்னும் வராது. ரீச்சர் உள்ளே போய்த் தன் முகப்பவுடர் ரின்னைக் கொண்டுவந்து வயர்க்கட்டின்மேல் கொட்டினார். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது! அன்று முழுக்க அந்த என்ஜின் அறையில் கிறீஸும் மல்லிகைப்பூப் பவுடரும் கலந்த ஒரு மணம். பவுடர் போன கவலையில் ரீச்சர் பின்னேரம் வரை யாரோடும் சரியாகப் பேசவில்லை.

நுனிகளுக்கு ஈயம் பற்றவைக்கிற நேரம் பார்த்துக் கறண்ட் போனது. சோல்டரிங் அயன் கையில் ஆறிப்போய்க் கிடக்கிறது. பெடியனுக்குச் சந்தோசம், போனை எடுத்துவிட்டான். அண்ணை ஒரு வார்த்தை பேசவில்லை. தன் பழைய பையிலிருந்து மரப்பிடி போட்ட செம்புக் கட்டை ஒன்றை எடுத்தார், அடுப்படிக்குப் போய்ச் சிரட்டைக் கரியில் செருகினார், சிவந்ததும் கொண்டுவந்து ஈயத்தைத் தொட்டார். உருகி ஓடியது. நாலைந்து நுனி முடிந்ததும் மறுபடி அடுப்படி. கறண்ட் திரும்ப வந்தபோதும் அவர் அயனைத் தொடவில்லை, செம்பிலேயே முடித்தார். இதை நான் பார்த்த வேலைகளிலேயே அழகான வேலை என்று எழுதிவைக்கிறேன்.

மத்தியானம் ஒடியல் கூழ். இந்த வெயிலில் கூழா என்று கேட்காதீர்கள், கேட்டேன், வாங்கிக் கட்டினேன். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி, மீனும் நண்டும் மிதக்கிற கூழை ஊற்றித் தந்தார்கள். காருக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்து குடித்தோம். உறைப்பில் மூக்கு ஓட, வேர்வை கண்ணுக்குள் இறங்க, அண்ணை இரண்டாம் இலையை நீட்டியபடி சொன்னார்: "சூடு ஏறின என்ஜினுக்குச் சூட்டைத்தான் குடுக்க வேணும்." இதற்கு விஞ்ஞானம் உண்டா என்று மாஸ்ரரைக் கேட்டேன். "இல்லை. ஆனால் மறுத்துச் சொன்னால் மனுசன் வேலைக்கு வராது."

கடைசியில் வந்தது பற்றறி பூட்டுகிற நாள். பக்கத்து வீட்டுக்காரர், அவருடைய மைத்துனர், ரியூசனுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திய மூன்று பிள்ளைகள், ரீச்சரின் அக்கா, ஒரு நாய். இத்தனை பேர் சபையில். அண்ணை பற்றறியை நேரே பூட்டவில்லை. நடுவில் ஒரு பல்பைக் கொளுவிப் பூட்டினார். எங்காவது வயர் உடம்போடு முட்டியிருந்தால் இந்தப் பல்ப் பளிச்சென்று எரியும், கார் எரியாமல் தப்பும். எல்லோரும் பல்பையே பார்த்தோம். எரியவில்லை. ரீச்சரின் அக்கா மட்டும் "ஐயோ, எரியேல்லையே, பிழைச்சுப் போச்சோ?" என்று பதறினார். எரியாததுதான் நல்லது என்று அவருக்கு விளங்கவைக்க மாஸ்ரருக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

பல்பைக் கழற்றி நேரே பூட்டினார்கள். சின்ன விளக்கு: எரிந்தது. மாஸ்ரர் கொப்பியில் சரி போட்டார், சிவப்புப் பேனை. முன் விளக்கு: எரிந்தது, கால் சுவிச்சை மிதித்தால் தாழ்ந்தது. இன்னொரு சரி. வைப்பர் ஒருமுறை எழும்பி, பாதியில் நின்று யோசித்து, பிறகு ஆடியது. ஹோர்ன்: அடித்தது. கையை எடுத்தும் அடித்தது! நிற்கவே இல்லை. நாய் வேலியைப் பாய்ந்துவிட்டது. ஒழுங்கையில் போன ஒருவர் எட்டிப் பார்த்து "கலியாணமோ?" என்றார். அண்ணை ஒரு வயரைப் பிடுங்கினார், அமைதி. ஸ்ரியறிங்குக்குள் ரீச்சர் கட்டிய சாரத்தின் நூல் ஒன்று போய் மாட்டியிருந்ததாம்.

அடுத்தது சிக்னல். இந்தக் காரில் மினுங்குகிற லைற் இல்லை. இரண்டு கதவுக்கும் நடுவிலுள்ள தூணுக்குள் செம்மஞ்சள் நிறக் கை ஒன்று ஒளிந்திருக்கும், சிக்னல் போட்டால் டொக் என்று வெளியே நீண்டு, உள்ளே பல்ப் எரியும். ரியூசன் பிள்ளைகள் இதற்காகத்தான் காத்திருந்தார்கள். பெடியன் வலப்பக்கம் போட்டான். இடப்பக்கக் கை நீண்டது. சபை சிரித்தது. பச்சையில் சிவப்புக்கோடு, பச்சையில் வெள்ளைக்கோடு: ஞாபகம் இருக்கிறதா? பெடியனுக்கு இருக்கவில்லை. ரீச்சர் தைத்த நாடாவைப் பார்க்காமல் மாறிப் பூட்டியிருக்கிறான். ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை, பழைய வகுப்பறைப் பார்வை ஒன்று பார்த்தார். அது போதுமாயிருந்தது. மாற்றிப் பூட்டினான், வலப்பக்கக் கை வடிவாக நீண்டு வடிவாக மடங்கியது. கைதட்டல்! இடப்பக்கம் நீட்டிய கை மட்டும் மடங்கவில்லை. உள்ளே ஏதோ பழுதாகிவிட்டது. அண்ணை விரலால் மடக்கிவிட்டார், அது மறுபடி தொங்கியது. "இவர் வேலைநிறுத்தம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

திறப்பைத் திருப்பினார் மாஸ்ரர். முன்னால் எங்கோ ரிக், ரிக், ரிக் என்று ஒரு சத்தம். அது பெற்றோல் பம்ப், இந்தக் காரில் அதுவும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. பெற்றோல் நிறைந்ததும் ரிக்குகள் தளர்ந்து நின்றன. ஸ்ராட்டர் உறுமியது, இருமியது, மறுபடி உறுமியது, பிடித்துக்கொண்டது! கொட்டில் தகரம் அதிர, மாங்காய் ஒன்று பொனற்றில் விழ, டாஷ்போட்டில் சிவப்பு லைற் மெல்ல மங்கி அணைந்தது. டைனமோ சார்ஜ் பண்ணுகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பெடியன் போனை உயர்த்தி ரொறன்ரோவுக்குக் காட்ட, அந்தப் பக்கம் நடுச்சாமத்தில் ஒருவர் கட்டிலில் எழும்பி இருந்து கத்துவது எங்களுக்கும் கேட்டது.

நல்லூர்த் திருவிழாவுக்கு மகன் குடும்பத்தோடு வருகிறார். அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு கோவிலுக்குப் போவதுதான் மாஸ்ரரின் திட்டம். திருவிழா இருபத்தைந்து நாளும் கோவில் வீதிகளில் வாகனம் விடமாட்டார்களே என்று கேட்டேன். "தெரியும். அந்தத் தடுப்பு வரைக்கும் போனால் காணும்" என்றார். கூரைச் சீலை தைக்கவேண்டும், சீற்றுக்கு உறை போடவேண்டும், "எதற்கென்று தெரியாது" ரின்னைக் குறைக்கவேண்டும். வேலை நிறையக் கிடக்கிறது.

சாமான் தேடுவதுதான் பெரும்பாடு. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளைச் சல்லடை போட்டாயிற்று. மைனருக்குத் தகரப் பாகங்களை இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய காலமும் ஒன்று இருந்தது. பாத் நகரத்தில் மைனர்களைத் திருத்தி விற்ற சார்ல்ஸ் வெயர் இங்கே கூட்டுச் சேர்ந்து நடத்திய தொழில் அது. ஆனால் சிக்னல் கை அந்தப் பட்டியலில் இல்லை. 2002 இல் ஏ9 திறந்தபின் எத்தனையோ பழைய கார்கள் விலைப்பட்டுத் தெற்கே போய்விட்டன. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது மிஞ்சியவற்றுக்கும் விலை ஏறியது. ஓடாமல் கிடந்தவை கிலோக் கணக்கில் பழைய இரும்புக்குப் போயின, அவற்றோடு விளக்கு வளையமும் சுவிச்சும் சிக்னல் கையும் போயின.

ஆகவே, வாசிக்கிறவர்களே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக் கோடிப்புறத்திலோ பரணிலோ, அப்பாவின் அல்லது பெரியப்பாவின் மைனரிலிருந்து கழற்றிய சாமான்கள் ஒரு ரின்னுக்குள் கிடக்கக்கூடும். இரும்புக்காரரின் மணிச்சத்தம் கேட்டதும் தூக்கிக் கொடுத்துவிடாதேயுங்கோ. ஒருமுறை கொட்டிப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கை தட்டுப்பட்டால் எங்கள் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். மாஸ்ரருக்குத் தேவை இடப்பக்கத்தது.